மேடு சார் சஸ்பென்ஷனில் இருக்கிறார்

'சாலையில் செல்வோரின் வேகத்தைத் தணித்து, அவர்களுக்கு நிதானமான, அதிர்ச்சியற்ற பயணத்தை உறுதிசெய்யும் பொறுப்பு அலுவலர்' என்று நகரசபைக் கையேடு வர்ணிக்கும் மனிதர், ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் வீட்டு போர்ட்டிகோவில் இரண்டு பாதங்களாக மட்டும் காட்சி தருகிறார். மீதி உடம்பு ஒரு காருக்கு அடியில் இருக்கிறது. அந்தக் கார் அவருடைய கல்யாணத்தைவிட வயதில் மூத்தது. கல்யாணத்தைவிட நன்றாகப் பராமரிக்கப்படுவது என்று வீட்டில் ஒரு தரப்பு சொல்கிறது. கூப்பிட்டால் வலது கால் கட்டைவிரல் அசையும். 'காதில் விழுந்தது' என்று அர்த்தம். இரண்டு கட்டைவிரல்களும் சேர்ந்து விறைத்தால், 'கையில் ஸ்பிரிங் இருக்கிறது, இப்போது பேசாதே' என்று அர்த்தம். மனைவி, செய்தித்தாள் போடுபவர், பக்கத்து வீட்டுப் பூனை ஆகிய மூவரும் இந்த மொழியில் தேர்ந்தவர்கள்.

ஊருக்கு அவர் 'மேடு சார்'. ஊரிலுள்ள வேகத்தடைகள் அத்தனையும் அவர் போட்டவை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒன்று, ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒன்று, நூலகத்துக்கு முன்னால் ஒன்று. நூலகத்துக்கு யார் ஐயா அவசரமாகப் போகிறார்கள் என்று கேட்டவரிடம், "கெடு முடியற அன்னிக்குப் புஸ்தகத்தைத் திருப்பிக் குடுக்க வர்றவன் வேகத்தை நீங்க பாத்ததில்ல" என்றார். தன் வீட்டு வாசலிலும் ஒன்று போட்டிருக்கிறார். பாரபட்சம் கூடாது என்பது அவர் கொள்கை.

வேகத்தைக் கண்டால் முகம் சுளிக்கும் இந்த மனிதருக்கு, வளைவைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும். இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்றால், "வேகத்துக்குக் கால் இருந்தா போதும். வளைவுக்குத்தான் வண்டி வேணும்" என்பார். அது விளக்கம் போலத் தொனிக்கும். வீட்டுக்கு வந்து யோசித்தால்தான் விளக்கம் இல்லை என்று தெரியும்.

அவருக்கு ஒரு பழக்கம். எங்கே போனாலும், உட்காருவதற்கு முன் எதையாவது அமுக்கிப் பார்ப்பார். சோபாவின் கை, மெத்தையின் ஓரம், வங்கி மேனேஜருடைய நாற்காலியின் முதுகு. அமுக்கிவிட்டுக் கையை எடுத்து, அது எப்படித் திரும்பி வருகிறது என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். காரில் ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் முறை அது. நல்லது, அமுங்கி, எழுந்து, ஒரே தடவையில் நிற்கும். கெட்டது, அமுக்கியவர் போன பிறகும் தலையாட்டிக்கொண்டிருக்கும். மகளைப் பெண் கேட்டு வந்த பையனின் தோளையும் பிடித்து ஒருமுறை அமுக்கியிருக்கிறார். "ஒரே தடவையில நின்னுட்டான். குடுக்கலாம்" என்று சமையலறைக்குள் போய்த் தெரிவித்தார். கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளை இன்றுவரை ஆடவில்லை.

ஆடியது கார்தான். வெண்ணெய் நிறம், வட்ட விளக்குகள், சாத்தினால் பீரோ சாத்தும் சத்தம் தரும் கதவுகள். அந்தக் காலத்தில் காருக்கு ஸ்பிரிங் வைத்தவர்கள் மெத்தைக் கடையில் வேலை பார்த்தவர்களாக இருக்க வேண்டும். நேர்ச் சாலையில் போனால் தூக்கம் வரும். வளைவில் திரும்பினால் சாப்பிட்டது வரும். வளைவுக்கு வளைவு வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து, முன்சீட்டில் இருப்பவரைக் கதவில் ஒட்டிவிட்டு, அடுத்த வளைவில் பிய்த்து எடுத்து ஓட்டுநர்மேல் ஒட்டும்.

முன்சீட்டில் இருந்தவர் மனைவி. எலும்பு டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் நோயாளிகளுக்கு டோக்கன் தருகிறார். கழுத்து வலி, இடுப்பு வலி, முதுகுத் தண்டு என்று வருகிறவர்கள் பலரும், எந்த மேட்டில் வலி ஆரம்பித்தது என்பதைத் தெரு பெயரோடு சொல்வார்கள்; அவர் முகத்தில் எதுவும் காட்டாமல் டோக்கனைக் கிழித்துக் கொடுப்பார். அவருடைய தம்பி, வாய்த்துடுக்குக்குப் பேர்போனவர், இதைப் பற்றி அத்தானிடமே சொல்லியிருக்கிறார்: "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான் அத்தான். நீங்க மேடு போடுறீங்க, அக்கா டோக்கன் போடுது."

மகளின் குடித்தனம் மலைமேல். மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்து வருவது வழக்கம். முதல் தடவை, முதல் கொண்டை ஊசி வளைவிலேயே "நிறுத்துங்க" என்று இறங்கி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்ட அம்மையார், அதன்பிறகு அந்தக் காரில் மலை ஏறவில்லை. பஸ்ஸில் போனார். கணவரோ காரை வீட்டில் விட மனமில்லாமல், பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரில் போனார். வருஷக்கணக்கில் இப்படித்தான் இந்தத் தம்பதியர் சேர்ந்து பயணம் செய்தார்கள். மனைவி பஸ்ஸின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியாகக் கணவரைப் பார்த்துக்கொண்டே போவார். எதிரே லாரி வந்தால் கையைக் காட்டி எச்சரிப்பார். கண்டக்டருக்கு இது பழகிவிட்டது. "அம்மா, வீட்டுக்காரர் வர்றாரா? காணோம்னா சொல்லுங்க, வண்டியைக் கொஞ்சம் மெதுவா விடச் சொல்றேன்" என்பார்.

பஸ் மட்டும் ஆடவில்லையா என்று கணவர் ஒருமுறை வாதாடிப் பார்த்தார்.

"ஆடுது. ஆனா பஸ்ல அத்தனை பேரும் சேந்து சாயறோம், ஒரு தைரியம் இருக்கு. உங்க வண்டியில நான் ஒருத்திதான் சாயறேன்."

மகளும் போனில் தன் பங்குக்குச் சொன்னாள்: "அப்பா, நீங்க முன்னாடி பின்னாடி வர்றதைப் பாத்துட்டு, எங்க வீட்டுக்காரங்க உங்களுக்குள்ள ஏதோ சண்டைன்னு நினைக்கிறாங்க." அன்றைக்குத்தான் மேடு சார் சபதம் செய்தார். "உங்கம்மாவை முன்சீட்டுல உக்கார வெச்சு, கையில தண்ணித் தம்ளரைக் குடுத்து மலை ஏத்தறேன். ஒரு சொட்டு சிந்தினா காரை வித்துடறேன்." மகள் போனைக் கீழே வைத்தாளோ இல்லையோ, மனைவி, "நல்லா யோசிச்சு சொன்னீங்களா? நான் வேணும்னே சிந்திடுவேன்" என்றார்.

தம்ளர் என்பது வாய்க்கு வந்தபடி சொன்னதல்ல. ஒவ்வொரு மேடும் போட்டு முடித்ததும், அதன்மேல் முதலில் ஏறும் வண்டி அவருடைய கார்தான். டேஷ்போர்டில் முக்கால் தம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு மெதுவாக ஏறி இறங்குவார். சிந்தாவிட்டால் மேடு தேறியது. சிந்தியதே இல்லை. மேட்டின் உயரத்தை விதி சொல்கிறது; சரிவு எப்படி இருக்க வேண்டும் என்பதை அலுவலரின் நிதானத்துக்கு விட்டிருக்கிறது. அலுவலர் தன் நிதானத்தைத் தம்ளரிடம் விட்டிருந்தார். யார் குறை சொல்லி வந்தாலும் ஒரே பதில்: "என் கார்ல ஒரு சொட்டு சிந்தல."

அதிகம் குறை சொல்லி வந்தவர் முட்டைக்காரர். வேன் நிறைய முட்டையை அடுக்கிக்கொண்டு கடை கடையாகப் போடுகிறவர். மேடு சார் வீட்டு வாசல் மேட்டை அவர் கடக்கும்போது, வேனிலிருந்து ஒரு சத்தமும் அவர் வாயிலிருந்து பல சத்தங்களும் வரும். "சார், கடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி ஆம்லெட் ஆயிடுது. ஒரு நாளைக்கு என் வண்டியில, மடியில ஒரு தட்டு முட்டையை வெச்சுக்கிட்டு இந்த மேட்டுல ஏறி இறங்குங்க. அப்புறம் பேசலாம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "விதியில முட்டை கெடையாதுங்க" என்று மேடு சார் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சபதத்துக்குப் பிறகு ஒரு வாரம் லீவு போட்டு, காரைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தினார். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பருமாக, வண்டியின் சஸ்பென்ஷன் மொத்தமும் மாற வேண்டும். முன்சக்கரங்களுக்குக் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங். இணைப்புகளில் நைந்துபோயிருந்த ரப்பர் புஷ்களைத் தட்டி எடுத்துவிட்டுக் கெட்டியான புஷ்கள். புது ஷாக் அப்சார்பர்கள். பின்னால் இருந்த பட்டை ஸ்பிரிங்குகள் பட்டறைக்குப் போய் நிமிர்ந்து வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் பிணைக்கும் ஒரு தடித்த கம்பி. வண்டி ஒரு பக்கம் சாய முயன்றால் இழுத்துப் பிடிப்பதற்கு. கழற்றிய பழைய ஸ்பிரிங்குகள் கட்டிலுக்கு அடியில் போயின. அங்கே ஏற்கெனவே ஒரு கியர்பாக்ஸ் குடியிருந்தது.

கம்பியை மாட்டும் முன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு, ஒண்ணு சாஞ்சா இன்னொண்ணு இழுத்துப் பிடிக்கும். புருஷன் பொண்டாட்டி மாதிரி."

"ரெண்டும் ஒண்ணா குதிச்சா?"

கம்பியைப் புரட்டிப் பார்த்தார். "அப்ப இந்தக் கம்பியால ஒண்ணும் செய்ய முடியாது."

"அதைத்தான் கேட்டேன்" என்று உள்ளே போய்விட்டார்.

அந்த வாரத்தில்தான் அந்தப் போன் வந்தது. நகரசபையின் பழைய தலைமை எழுத்தர், ஓய்வு பெற்ற பிறகும் செய்தி பெறுவதிலிருந்து ஓய்வு பெறாதவர், சும்மா விசாரிக்கலாம் என்று கூப்பிட்டார். மனைவி ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பேசினார். நான் எதிர்வீட்டு மாடியில் இருந்ததால், இந்தப் பக்கத்துப் பேச்சு முழுவதும் கேட்டது.

"அவரா? ஒரு வாரமா சஸ்பென்ஷன்ல இருக்காரு... ஆமாங்க, ரொம்ப மோசமாத்தான் இருந்திருக்கு, வெளியில தெரியல... இருந்த எல்லாத்தையும் கழட்டியாச்சு. எப்ப திரும்ப மாட்டுறதோ... சாப்பாடா? கூப்பிட்டா வர்றதில்ல. தரையிலேயே மல்லாந்து கெடக்குறாரு. பேச்சுக் குடுத்தா கால் விரலை மட்டும் ஆட்டுறாரு."

அன்று சாயங்காலமே சம்பந்தி வீட்டிலிருந்து போன்: "நாங்க இருக்கோம், கவலைப்படாதீங்க." மைத்துனர் ஓட்டமாக வந்து, விஷயம் தெரிந்ததும், வதந்தியை மறுப்பதற்குப் பதிலாக மேலும் நாலு பேருக்குச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை முட்டைக்காரர் வந்தார். வேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, ஒரு தட்டு முட்டையை இரண்டு கைகளிலும் ஏந்தி, நடந்து வந்தார். போர்ட்டிகோவில் பாதங்களைப் பார்த்ததும், தட்டோடு அவற்றின் பக்கத்தில் குந்தினார்.

"சார்... மனசைத் தளர விட்றாதீங்க."

வலது கட்டைவிரல் அசைந்தது.

"நான் வாய்க்கு வந்தபடி பேசினது நெசம்தான். மறைக்கல. ஆனா சத்தியமா உங்க வேலை போகணும்னு திட்டல சார். மேடு போகணும்னுதான் திட்டினேன். அது தப்பான எடத்துல போய்ப் பலிச்சிடுச்சு."

இரண்டு கட்டைவிரல்களும் விறைத்தன.

"கோவப்படாதீங்க சார்! பச்சை முட்டை கொண்டாந்திருக்கேன், உடம்புக்கு நல்லது..."

ஸ்பிரிங்கை அதன் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, மேடு சார் மெல்ல வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். "யாருக்கு வேலை போச்சு?"

"சஸ்பென்ஷன்னு சொன்னாங்களே..."

உள்ளேயிருந்து மனைவி சிரித்த சிரிப்பில் பூனை மதில்மேல் ஏறிவிட்டது. முட்டைக்காரரும் விஷயம் புரிந்து, தன் தலையில் தானே அடித்துக்கொண்டு சிரித்தார். மேடு சாரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, கைத்துண்டால் விரல்களைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்: "ஆமா, எதுக்காக என்னை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்கன்னு நெனச்சீங்க?"

முட்டைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அதை வேற கேக்கணுமா சார்?"

முட்டைகளை வைத்துவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை. மேடு சார் வெகுநேரம் காருக்கு அடியில் திரும்பிப் போகாமல் நின்றிருந்தார். ஊரில் ஒருவர்கூட 'ஏன்' என்று கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தலைமை எழுத்தர் கேட்கவில்லை. சம்பந்தி கேட்கவில்லை. எல்லோருக்கும் காரணம் முன்பே தெரிந்திருந்தது.

காரைத் தரையில் இறக்கிய நாளில் அது முன்பைவிடத் தாழ்ந்து, தோள்களைக் குறுக்கிக்கொண்டு, ஓடத் தயாரானவன்போல் நின்றது. மூலைக்கு மூலை அமுக்கிப் பார்த்தார். ஒரே தடவையில் நின்றது. மனைவியை முன்சீட்டில் உட்காரவைத்து, கையில் முக்கால் தம்ளர் தண்ணீரைக் கொடுத்தார். மலைக்கு முன் ஒத்திகை. ஊரைச் சுற்றி ஒரு வட்டம். மைத்துனர் பின்சீட்டில் சாட்சியாக ஏறினார். அவர் சொல்லித்தான் மற்றது எனக்குத் தெரியும்.

வாசலைத் தாண்டியதும் முதல் மேடு. கார் ஏறியது என்பதைவிட மோதியது என்று சொல்லலாம். தம்ளரில் இருந்த தண்ணீர் அம்மையாரின் மடிக்கும், அவருடைய தலை கூரைக்கும் போயின. காலித் தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். நூலக மேட்டில் மைத்துனர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஊரில் பலர் நெடுநாளாக வேண்டிக்கொண்டிருந்த விஷயம் அது. பிறகு ரவுண்டானா வந்தது. கார் தட்டையாக, கோடு போட்டதுபோல, ஒரு விரல்கடைகூடச் சாயாமல் திரும்பியது. மேடு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஒரு சுற்று சுற்றினார். மனைவி கைப்பிடியைத் தொடவேயில்லை. காலித் தம்ளருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி?" என்று மேடு சார் கேட்டார்.

"திரும்பறப்ப சுகமா இருக்கு. நேரா போறப்பதான் உயிர் போகுது."

"பழையபடிக்கு..."

"முன்னாடி தொட்டில்ல போட்டு ஆட்டினீங்க. இப்ப சல்லடையில போட்டுச் சலிக்கிறீங்க." குரல் உயராமல் சொன்னார்: "வளைவெல்லாம் மலை போட்டது. மேடெல்லாம் நீங்க போட்டது. எது குத்துதுன்னு நீங்களே பாத்துக்கோங்க."

அவர்களை வீட்டில் இறக்கிவிட்டு, தம்ளரில் மறுபடி தண்ணீர் பிடித்து, ஒரு கூஜாவிலும் எடுத்துக்கொண்டு தனியே போனார். ஆஸ்பத்திரி மேடு, பள்ளிக்கூட மேடு, ஒன்றுவிடாமல். திரும்பி வந்தபோது தம்ளரும் கூஜாவும் காலி, கால்சட்டை முழங்கால்வரை ஈரம். இத்தனை வருஷமும் மேட்டை அவர் சோதிக்கவில்லை. தன் மெத்தையை அமுக்கிப் பார்த்திருக்கிறார். போர்ட்டிகோப் படியில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றித் தண்ணீரை வடித்தார்.

மைத்துனர் நல்ல யோசனை ஒன்று சொன்னார். "கட்டிலுக்கு அடியில பழைய ஸ்பிரிங் இருக்குல்ல அத்தான்? எடுத்து மாட்டிடுங்க. மேடும் தேறிடும், நீங்களும் தேறிடுவீங்க. அக்காவுக்குத்தான் பஸ் இருக்கே."

மேடு சார் உள்ளே போய், பழைய ஸ்பிரிங்குகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வந்தார். ஒன்றை நிமிர்த்திவைத்து உள்ளங்கையால் அமுக்கினார். அது தலையாட்டியது, ஆட்டியது, ஆட்டிக்கொண்டே இருந்தது. "எதைச் சொன்னாலும் சரி சரிங்குது, பாத்தியா" என்றார். மறுநாள் இரண்டும் தோட்டத்துக்குப் போயின. இப்போது அவற்றின்மேல் ரோஜாத் தொட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. காற்றடித்தால் ரோஜா மட்டும் பழைய கார் போல ஆடும்.

பிறகு மேடுகளைத் திருத்தும் வேலை தொடங்கியது. மொண்ணையான தலையைச் சீவி, இரண்டு பக்கமும் சரிவை நீளமாக இழுத்து, ஏறுவது தெரியாமல் ஏறி இறங்குவது தெரியாமல் இறங்கும்படி, அதே சமயம் வேகமாக வருகிறவன் காலைப் பிரேக்கில் வைக்கும்படி. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு பள்ளிக்கூடம். நூலகம் பிற்பாடு. ஒவ்வொன்றிலும் விறைப்பான காரை விட்டு, தம்ளர் தண்ணீர் சிந்தாமல் நிற்கும்வரை தார் போடுகிறவர்களை விடவில்லை. தன் வீட்டு வாசல் மேட்டைக் கடைசியில் வைத்தார். அதுவரைக்கும் மனைவி பஸ்ஸில்தான் மலை ஏறினார்; இவர் பின்னால் போனார். வீட்டு மேட்டை முதலில் செய்திருந்தால் என்ன என்று மகள் கேட்டதற்கு, "உங்கம்மாவுக்காகச் செஞ்சேன்னு ஆயிடும்" என்றார். "எனக்காகத்தானே செய்யறீங்க?" என்று மனைவி கேட்டதற்கு, "ஆமா. ஆனா அப்படி ஆயிடக் கூடாது" என்றார்.

சஸ்பென்ஷன்தான் மேடு சாரைத் திருத்திவிட்டது என்று ஊரில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். பழைய தலைமை எழுத்தர் அதை நாள் கிழமையோடு சொல்வார். மைத்துனர் மறுப்பதில்லை. ஊர் வதந்தி ஒன்று இவ்வளவு துல்லியமாக இருந்து நான் பார்த்ததில்லை.

வீட்டு வாசல் மேடு முடிந்து, தார் இறுகி, அதன் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்த காலையில், மலைக்குப் போகும் பஸ் வழக்கம்போலத் தெருமுனையில் வந்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, "அம்மா, ஏறலையா?" என்று கத்தினார்.

"இன்னிக்கு இல்லப்பா. நீ போ, நாங்க பின்னாடியே வர்றோம்" என்று பதில் வந்தது காரின் முன்சீட்டிலிருந்து. அம்மையார் பையைக் காலடியில் வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்து, உட்கார்ந்திருந்தார். டேஷ்போர்டில் தம்ளர். பின்னால் முட்டை வேன், முதல் வண்டி எப்போதும் எது என்று தெரிந்ததால், ஒதுங்கிக் காத்திருந்தது.

மேடு சார் என்ஜினைக் கிளப்பினார். பிறகு அணைத்தார். தம்ளரை எடுத்து மனைவி கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். நேராக வேனுக்குப் போய், முன்சீட்டில் ஏறி, பின்னால் அடுக்கியிருந்ததிலிருந்து ஒரு தட்டு முட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "விடுங்க" என்றார்.